நஷ்டஈடும் இழப்பீடும்

குடிபோதையில் எவனோ ஓட்டிய காரால் ஒரு காலை இழந்த மனிதருக்கு அரசாங்கம் அளிக்கும் நிவாரணத் தொகையைப் பத்திரிகைகள் ‘நஷ்டஈடு’ என்று எழுதிவிடுவதைக் காணும்போதெல்லாம், நிவாரணம் கருணையால் வருவது, நஷ்டஈடோ தீங்கிழைத்தவனிடமிருந்து உரிமையால் பெறுவது என்னும் பேதம் மறைந்துபோகிறதே என்று எனக்கு விசனமுண்டாகிறது. வடமொழியில் ‘நஷ்டம்’ என்றால் அழிந்தது, காணாமற்போனது. நாசமும் விநாசமும் அதன் சுற்றத்தார். தமிழிலோ அது கடைவீதிக்கு வந்து லாபத்தின் எதிர்ப்பதமாகச் சுருங்கிவிட்டது. ‘ஈடு’ அப்படியன்று: கெடு கேடானதுபோல ‘இடு’ என்பதிலிருந்து பிறந்து, அடகுக்கும் ஒப்புக்கும் வலிமைக்கும் பெயராகி, திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன வியாக்கியானத்துக்கும் பெயராய் நிற்பது, காப்பீட்டிலும் அதுவே ஒட்டியிருக்கிறது. விபத்துண்டாக்கிய காரின் காப்பீடு காலாவதியாகியிருந்தால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி தீர்ப்பாயம் விதிக்கும் தொகைக்கு வாகனச் சொந்தக்காரரின் ஆஸ்தியே கதி. அவர் கொடாவிடில் கலெக்டர் அதை நிலவரிப் பாக்கியைப்போல வசூலிக்கலாம். காப்பீடு இருந்து, ஓட்டியவன் குடித்திருந்தால், கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுச் சொந்தக்காரரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டதுண்டு. இவ்விதம் போராடிப் பெறும் தொகைக்கு, பேரேட்டின் வாடை வீசும் நஷ்டஈட்டைவிட, காலையும் கண்ணையும் உயிரையும் கூசாமல் சேர்த்துச் சொல்லக்கூடிய ‘இழப்பீடு’ என்பதே பொருத்தமென்பது என் அபிப்பிராயம். பழைய சொல்லை வியாபாரிகள் வைத்துக்கொள்ளட்டும்.