கொண்டை சிறுத்த சேவல்கள்

காயடித்த காளை சாந்தமாகிவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காயடித்த சேவலின் கதியும் இதுதான். அதன் கொண்டை சிறுத்துவிடும், சேவலைப் போல் கூவாது, பெட்டையை நாடாது. வயிற்றுக்குள் இருக்கும் விரைகள், தலைமேல் இருக்கும் கொண்டையை எப்படி ஆளுகின்றன? காயடிக்கும் தொழிலைத் தொன்றுதொட்டு அறிந்திருந்த மனிதன், இக்கேள்விக்கு நெடுங்காலம் விடை காணவில்லை.

1848 ஆகஸ்டில், ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்னும் பேராசிரியர் ஆறு இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டார். இரண்டின் விரைகளை முற்றிலும் அகற்றினார். வேறு இரண்டில் ஒரு விரையை அகற்றி, மற்றதை இடத்திலிருந்து பிரித்து வயிற்றுக்குள்ளேயே விட்டார். எஞ்சிய இரண்டிலும் விரைகளை அகற்றியபின், ஒன்றன் விரையை மற்றதன் வயிற்றில் வைத்தார்.

முதல் இரண்டும் காயடித்த சேவல்களாகவே வளர்ந்தன. மற்ற நான்கும் கூவின, சண்டையிட்டன, பெட்டைகளை நாடின. அறுத்துப் பார்த்தபோது, இடம் மாறிய விரைகளுக்குப் புதிய இரத்தக் குழாய்கள் ஓடியிருந்தன. பழைய நரம்புத் தொடர்போ அறுந்து போயிருந்தது. எனவே விரையின் செய்தி இரத்தத்தின் வழியே செல்கிறது என்று 1849-ல் அவர் எழுதினார். அன்று அதன் அருமையை உணர்ந்தவர் அரியர். 1905-ல்தான் இங்கிலாந்தின் ஸ்டார்லிங், இத்தகைய இரத்தத் தூதர்களுக்கு 'ஹார்மோன்' என்று பெயரிட்டார்.

பின்னர் தூதர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டனர். 1929-ல் கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோன் கிடைத்தது. 1935-ல் காளையின் விரையிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் கிடைத்தது. இவற்றைச் சுரக்கச் செய்வது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி. அதற்கும் மேலதிகாரி உண்டு, அதுவே ஹைப்போதலாமஸ். டெஸ்டோஸ்டிரோன் மிகுந்தால் மேலிடத்துக் கட்டளை குறையும். குறைந்தால் கட்டளை மிகும்.

ஹைப்போதலாமஸ் அனுப்பும் கட்டளை பத்தே அமினோ அமிலங்களால் ஆனது என்று 1971-ல் ஷாலி குழுவினர் கண்டனர். கில்லெமின் குழுவும் தனியே அதே முடிவுக்கு வந்தது. 1977-ல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இத்துடன் கதை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள்! 1978-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் நோபில் குழுவினர் குரங்குகளுக்கு இப்பொருளை மணிக்கொரு தடவை செலுத்தினர்; பிட்யூட்டரி நன்கு சுரந்தது. இடைவிடாமல் செலுத்தினர், சுரப்பு வீழ்ந்தது! கட்டளை எது என்பது மட்டும் போதாது. எத்தனை இடைவெளியில் வருகிறது என்பதும் வேண்டும்.

இது வெறும் ஆய்வுக்கூட வியப்பன்று. இக்கட்டளை சரிவரக் கிடைக்காததால் கருமுட்டை வெளிவராத பெண்களுக்கு, சிறு பம்பு மூலம் இம்மருந்தை விட்டுவிட்டுச் செலுத்தித் தாய்மை அடையச் செய்ய முடிந்தது. அதன் நீடித்த வகையை இடைவிடாமல் கொடுத்து, ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தீனியாகும் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கிறார்கள். மிக இளவயதிலேயே பருவமடையத் தொடங்கும் குழந்தைகளுக்கும் அதைக் கொடுத்துப் பருவத்தைத் தள்ளிப்போடுகிறார்கள்.

இனி எங்கேனும் சேவல் கூவக் கேட்டால், அந்தக் குரலுக்குப் பின்னே இரத்தத்தில் ஓடும் தூதரை நினைத்துக்கொள்ளுங்கள்.