அஞ்சல்தலையும் ஊர் முத்திரையும்

பண்ருட்டி அருகே உள்ள அதிகை வீரட்டானக் கோயில் கல்வெட்டுகளில் அரசன் பெயரோடு ஆட்சியாண்டும் ஊரும் வரும். பெயர் மட்டும் என்றால் புகழ்ச்சி. ஆண்டும் ஊரும் சேர்ந்தால் வரலாறு. அஞ்சல்தலைக்கும் இதே கணக்குத்தான்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் அஞ்சல்தலை 1947 நவம்பர் 21-ல் வந்தது. அதில் தேசியக் கொடியும் ‘ஜெய் ஹிந்த்’ முழக்கமும் இருந்தன. தலைவர் முகம் வந்தது 1948 ஆகஸ்ட் 15-ல், சுவிட்சர்லாந்தில் அச்சான நான்கு காந்தி தலைகளில். பின்னர் நினைவுத் தலைகள் நாசிக் பாதுகாப்பு அச்சகத்தில் அச்சாயின. வெளியீட்டு நாளில் முதல் நாள் உறையும் தகவல் ஏடும் கூடவே வரும். அச்சிட்டது தீர்ந்தால் மறுபடி அச்சிடுவதில்லை.

தமிழ்நாட்டுத் தலைவர்களில் அண்ணாவுக்கு 1970-ல், முதலாண்டு நினைவு நாளில் தலை வந்தது. 1936-ல் மறைந்த வ.உ.சி. 1972-ன் நூற்றாண்டு வரை காத்திருந்தார். இராஜாஜிக்கு 1973, பெரியாருக்கு 1978. 1975 அக்டோபர் 2-ல் மறைந்த காமராசருக்கு மறு ஆண்டே 25 பைசா தலை.

அந்தக் காமராசர் தலை நம் பண்ருட்டி, நெய்வேலிப் பகுதிக்கு நெருக்கமானது. நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கரும்பொருளாகப் பழுப்பு நிலக்கரி தென்பட்டது 1930-களில். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது 1956 நவம்பர் 14-ல். நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தது 1957 மே 20-ல். அனல் மின் உற்பத்தி தொடங்கியது 1962-ல். பின்னைய மூன்றும் நடந்தது காமராசர் முதல்வராக இருந்த காலத்தில்.

ஸ்டாம்பு சேர்த்த சிறுவர்களாகிய நாங்கள் உறையைத் தண்ணீரில் ஊறவைத்து, தலையை உரித்து ஆல்பத்தில் ஒட்டினோம். உறை குப்பைக்குப் போனது. அதோடு போனது தேதி, பண்ருட்டி அல்லது நெய்வேலி என்ற ஊர்ப்பெயர், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர் வீட்டுக்கு எழுதிய முகவரி. காமராசர் முகம் நாடெங்கும் ஒன்றுதான். நம் ஊர் முத்திரை விழுந்த காமராசர்தான் நம் வரலாறு.

ஆகவே இந்த மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடக்கும் பழைய கடிதங்களைத் தேடுங்கள். தலையை உரிக்காதீர்கள். உறையோடு வையுங்கள்.