கணக்காளர் உறுப்புரிமைக்கான பட்டத் தேர்வு: கோரமண்டல், கோலார் தங்கவயல்

கணக்காளர் உறுப்புரிமை என்பது சட்டம் ஏற்ற ஒரு தொழில்மன்றத்தின் பதிவேட்டில் ஒருவர் பெயர் ஏறுவது. பட்டத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது, உறுப்புரிமையை மன்றம் தருகிறது. எந்த மன்றம் எந்தப் பட்டத்தை எவ்வளவு தூரம் ஏற்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். கோலார் தங்கவயலில் பி.யூ.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) வணிகவியல் முடித்தவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கல்லூரி?" என்பதைத்தான். இந்திய உறுப்புரிமையைப் பொறுத்தவரை அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்த மன்றம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் கல்லூரித் தேர்வு பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும்.

கோரமண்டல், தங்கவயலின் சுரங்கக் குடியிருப்புகளில் ஒன்று. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளை ரயில்பாதையில் அதற்குத் தனி நிலையம் உண்டு. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பிறகு, இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிழைப்பு சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள பெங்களூருவில்தான். விடியற்காலை ரயிலில் போய் இரவு திரும்புகிறார்கள். படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ரயிலையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

இந்தியாவில் பட்டத்தின் இடம்

1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டப்படி அதே ஆண்டு ஜூலை 1-இல் இந்தியப் பட்டயக் கணக்காளர் மன்றம் அமைந்தது. தனிப்பட்ட கல்லூரிகளின் பி.காம் படிப்புகளுக்கு அது அங்கீகார முத்திரை தருவதில்லை. சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால் போதும். அது பார்ப்பது மதிப்பெண்ணை. வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதமும் மற்றவர்களுக்கு 60 சதவீதமும் இருந்தால், ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேரே இன்டர்மீடியட்டில் பதியலாம். இந்த நேரடி நுழைவு 2012-இல் வந்தது.

"வணிகவியல் பட்டதாரி" யார் என்பதற்குப் பட்டத்தின் பெயர் அளவுகோல் அல்ல. கணக்கியல், தணிக்கை, வணிகச் சட்டம், பொருளியல், வரி, அடக்கவிலைக் கணக்கு, மேலாண்மை போன்றவற்றில் குறைந்தது மூன்று தாள்களை, ஒவ்வொன்றும் 100 மதிப்பெண்ணுக்கு, படித்திருக்க வேண்டும். ஆகவே பி.பி.ஏ. படித்தவரும் பெரும்பாலும் 55 என்ற வரிசையிலேயே வருவார், பி.சி.ஏ. படித்தவர் பொதுவாக 60-க்குப் போவார். கல்லூரியின் கட்டடத்தையும் பேருந்து வசதியையும் பார்க்கும் நேரத்தில் பாதியைப் பாடத்திட்டப் பட்டியலுக்குச் செலவிட்டால் நல்லது.

கோலார் மாவட்டக் கல்லூரிகள் முன்பு பெங்களூருப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 2017-இல் தொடங்கிய பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகத்தின்கீழ் பின்னர் வந்தன. மார்க்ஸ் கார்டில் சதவீதத்துக்குப் பதில் தரப்புள்ளி இருந்தால், அதைச் சதவீதமாக மாற்றும் முறையைப் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம்.

பட்டத்துக்காகக் காத்திருப்பதுதான் சிறந்த வழி என்றும் சொல்ல முடியாது. பி.யூ.சி. முடித்ததும் ஃபவுண்டேஷன் எழுதினால் நான்கு மாதப் படிப்பு, இன்டருக்கு எட்டு மாதம், இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் அலுவலகப் பயிற்சி, இறுதித் தேர்வுக்கு முன் ஆறு மாதம் என்று எல்லாம் முதல் முயற்சியில் தேறினால் 42 மாதத்தில் முடியும். ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்தது 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில்தான். ஆனால் "முதல் முயற்சியில்" என்பதற்குள் நிறைய அடங்கியிருக்கிறது. தாளுக்கு 40, தொகுதிக்கு மொத்தம் 50 சதவீதம் என்பது தேர்ச்சி விதி. மூன்று தாள் கொண்ட தொகுதியில் 39, 80, 80 வாங்கியவர் மொத்தம் 199 பெற்றும் தேறவில்லை. 40, 40, 70 வாங்கியவர் சரியாக 150-இல் தேறிவிடுகிறார். 60 அல்லது அதற்கு மேல் எடுத்த தாள்களை அடுத்த சில தேர்வுகளில் மீண்டும் எழுத வேண்டாம் என்பது முதலாமவருக்கு ஆறுதல். பட்டம் கையில் இல்லாமல் இந்தச் சுழலில் நின்றுவிடுவோர் உண்டு என்பதால்தான் பெற்றோர் பி.காமை விடச் சம்மதிப்பதில்லை. அதில் நியாயம் இருக்கிறது.

செலவுக் கணக்காளர்

தங்கவயலுக்கு இந்தத் துறை நெருக்கமானது. பூமிக்கடியில் ஆழம் கூடக் கூட ஒரு கிராம் தங்கத்தை எடுக்கும் செலவும் ஏறியது. அந்தச் செலவுக்கும் தங்கத்துக்குக் கிடைத்த விலைக்கும் இருந்த இடைவெளியே சுரங்கத்தை நலிந்த நிறுவனமாக்கி இறுதியில் மூட வைத்தது. இந்திய செலவுக் கணக்காளர் மன்றம் 1944-இல் தொடங்கி, 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்டத் தகுதி பெற்றது. இப்போதுள்ள பெயர் 2012-இல் வந்தது. நுண்கலை தவிர எந்தப் பட்டம் பெற்றவரும் இதன் இன்டர்மீடியட்டில் நேரே சேரலாம், சதவீத வரம்பு கிடையாது. 52 சதவீதம் வாங்கி, பட்டயக் கணக்காளர் நேரடி நுழைவைத் தவறவிட்ட பி.காம் மாணவருக்கு இது கைகொடுக்கும். இங்கே இன்டர் தேறினால், அதைக் காட்டிப் பட்டயக் கணக்காளர் இன்டரில் பதியவும் வழி உண்டு. தங்கவயலில் பெரிய ஆலை வைத்திருக்கும் பெமல் போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் நிதிப் பணிகளில் இரு தகுதிகளுக்கும் இடம் உண்டு.

நிறுவனக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திட 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் பட்டயக் கணக்காளரை மட்டுமே அனுமதிக்கிறது. செலவுத் தணிக்கை செலவுக் கணக்காளருக்கு உரியது.

வெளிநாட்டு மன்றங்கள்

அங்கீகாரம் பெற்ற பட்டம் என்ற பேச்சு உண்மையில் பொருந்துவது இங்கேதான். ஆஸ்திரேலியாவில் இரண்டு பெரிய மன்றங்கள் பல்கலைக்கழகப் படிப்புகளை ஆராய்ந்து ஏற்கின்றன. ஏற்கப்பட்ட பட்டம் உள்ளவர் அடிப்படைத் தேர்வுகளைத் தாண்டி, சி.பி.ஏ. ஆஸ்திரேலியாவின் ஆறு தொழில்நிலைத் தாள்களுக்குப் போகலாம். மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். தங்கவயலின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல அந்நாட்டில் குடியேறியதால் இந்த விசாரிப்பு ஊருக்குப் புதிதல்ல.

பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.சி.சி.ஏ.வில் 13 தாள்கள். பட்டமே இல்லாமல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தும் சேரலாம். படிப்பைப் பொறுத்து அதிகபட்சம் ஒன்பது தாள்களுக்கு விலக்கு உண்டு. "பி.காம் உடன் ஏ.சி.சி.ஏ." என்று விளம்பரம் செய்யும் பெங்களூருக் கல்லூரியிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எத்தனை தாளுக்கு விலக்கு, நான் சேரும் ஆண்டுக்கு அந்த விலக்கு செல்லுமா, விலக்குக் கட்டணம் யார் கட்டுவது? விலக்கு பெற்ற தாளுக்கும் கட்டணம் உண்டு என்பது பலருக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது.

அமெரிக்க சி.பி.ஏ. உரிமத்துக்கு மாநிலங்கள் நெடுங்காலமாக 150 கல்வி மணிநேரம் கேட்டுவந்தன. அண்மையில் சில மாநிலங்கள் மாற்று வழி திறந்துள்ளன. மூன்றாண்டு இந்தியப் பட்டம் மட்டும் அந்த அளவுக்குப் போதாது, எம்.காம் போன்ற ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கும். கர்நாடகம் 2021-இல் நான்காண்டு பட்டத்தைக் கொண்டுவந்து 2024-இல் மூன்றாண்டுக்கே திரும்பிவிட்டது. எனவே ஒரே கல்லூரியில் இரண்டு ஆண்டு இடைவெளியில் சேர்ந்த அண்ணன் தம்பிக்கே இந்தக் கணக்கு வேறாகலாம்.

பதிவேடு

தகுதி இருந்தாலும் பதிவேட்டில் இடம் தானாகக் கிடைத்துவிடாது என்பதற்குச் சென்னையின் ஆர். சிவபோகம் சான்று. 1933-இல் தகுதி பெற்ற இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் அவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர் என்பதால் பதிவு செய்ய விதி தடையாக இருந்தது. நீதிமன்றம் சென்று வென்றார். பிற்பாடு, 1955 முதல் 1958 வரை, இந்தியப் பட்டயக் கணக்காளர் மன்றத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைமை வகித்தார்.

கர்நாடகமும் அதே மண்டலக் குழுவின்கீழ்தான் வருகிறது. ஆனால் தேர்வைத் தமிழிலோ கன்னடத்திலோ எழுத முடியாது, ஆங்கிலம் அல்லது இந்திதான். தமிழ்வழிப் பள்ளியில் படித்து வந்தவருக்கு பி.காம் மூன்று ஆண்டும் ஆங்கிலத்தில் விடை எழுதிப் பழகும் காலமாக உதவும். ஆர்ட்டிகிள்ஷிப்பில் வாரத்துக்கு 35 மணி நேர வேலை. குறைந்தபட்ச உதவித்தொகை அலுவலகம் இருக்கும் ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது என்பதால் பெங்களூருவில் கூடுதல். தங்கவயல் மாணவருக்கு வசதியான மன்றக் கிளை அங்கே வசந்த நகரில் இருக்கிறது. மாரிக்குப்பம் ரயிலில் வருபவர் கன்டோன்மென்டில் இறங்கிக்கொள்ளலாம்.