திறந்த நிரல், மூடிய கடை: ஆண்ட்ராய்டு முதல் பாரோஸ் வரை

2023 ஜனவரி 19 அன்று சென்னை ஐஐடி, பாரோஸ் என்ற கைப்பேசி இயங்குதளத்தை அறிவித்தது. அதே நாளில் டெல்லியில் உச்ச நீதிமன்றம், ஆண்ட்ராய்டு ஒப்பந்தங்களுக்காக இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்த வழக்கில் தலையிட மறுத்தது. ஒன்று தொழில்நுட்பச் செய்தி, மற்றொன்று சட்டச் செய்தி என்று நாளிதழ்கள் வெவ்வேறு பக்கங்களில் வெளியிட்டன. இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. மூல நிரல் திறந்திருந்தால் மட்டும் ஒரு கைப்பேசித் தளம் பிழைத்துவிடாது. நிரலின் மேல் அமர்ந்திருக்கும் செயலிக் கடையும், அந்தக் கடையைச் சுற்றிய ஒப்பந்தங்களுமே அதன் தலைவிதியை எழுதுகின்றன. 2007 முதலான வரலாறு இதைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

ஆண்ட்ராய்டும் ஒரு காலத்தில் அறைகூவல் விடுத்த புதுவரவுதான். 2007 நவம்பர் 5 அன்று 34 நிறுவனங்கள் சேர்ந்த திறந்த கைப்பேசிக் கூட்டணியைக் கூகுள் அறிவித்தது. 2008 அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு போன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மூல நிரலும் அதே மாதம் வெளியானது. அன்று களத்தில் நோக்கியாவின் சிம்பியன், பிளாக்பெர்ரி, விண்டோஸ் மொபைல், ஓராண்டு முன்பே வந்துவிட்ட ஐபோன் ஆகியவை இருந்தன. தமிழ்நாட்டில் கைப்பேசி என்றாலே நோக்கியா என்றிருந்த காலம் அது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய அதன் தொழிற்சாலையில், பல மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள்.

நோக்கியா திறந்த மூலத்தை எதிர்த்து நின்று தோற்றது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது சரியல்ல. 2008இல் சிம்பியனை முழுதாக வாங்கிய நோக்கியா, 2010 பிப்ரவரியில் அதன் மூல நிரலை உலகுக்கே திறந்துவிட்டது. ஓராண்டுதான் கடந்தது. 2011 பிப்ரவரியில் சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்கு மாறுவதாக அறிவித்தது. செயலி எழுதுபவர்கள் அதற்குள் ஐபோன் பக்கமும் ஆண்ட்ராய்டு பக்கமும் போய்விட்டார்கள். பின்னர் கைப்பேசித் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று அங்கே உற்பத்தி நின்றது. அந்த ஆலை மூடியதற்கு வரித் தகராறு ஒரு காரணம். தளப் போரில் அடைந்த தோல்வி அதற்கும் முந்தைய காரணம்.

ஆண்ட்ராய்டு வென்ற விதத்தைக் கூர்ந்து பார்த்தால் அதற்குள் இரண்டு அடுக்குகள் தெரியும். கீழே இருப்பது, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த நிரல். மேலே இருப்பது பிளே ஸ்டோர், வரைபடம், பிளே சர்வீசஸ் முதலான கூகுளின் சொந்தச் சொத்து. மேலடுக்கு வேண்டும் என்றால் தயாரிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்டவர், கூகுள் ஒப்பாத மாற்று ஆண்ட்ராய்டு எதையும் தன் எந்தக் கருவியிலும் விற்கக் கூடாது என்று அந்த ஒப்பந்தங்கள் கட்டுப்படுத்தின. 2012 செப்டம்பரில் ஏசர் நிறுவனம், அலிபாபாவின் அலியுன் தளத்தில் ஒரு போனை வெளியிட இருந்து, கடைசி நேரத்தில் பின்வாங்கியது இந்தக் கட்டுப்பாட்டால்தான். 2019இல் அமெரிக்கத் தடைக்குப் பின் ஹுவாவேக்குத் திறந்த நிரல் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. மேலடுக்கு கிடைக்கவில்லை. சீனாவுக்கு வெளியே அதன் கைப்பேசி விற்பனை சரிந்தது.

இந்தியாவில் நடந்த முயற்சிகளில் தமிழருக்கு நெருக்கமானது ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ். மோசில்லாவின் இந்தத் தளத்தில் 2014 ஆகஸ்டில் வந்த இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் போனின் விலை 1,999 ரூபாய். 3.5 அங்குலத் திரை, 128 எம்பி நினைவகம், 2ஜி மட்டும். ஆனால் அந்த விலையிலேயே தமிழிலும் இந்தியிலும் இயங்கியது. தன் மொழியில் போனைப் பார்க்க ஏழைக்கும் உரிமை உண்டு என்று செயலில் காட்டிய முயற்சி அது. அதற்காகவே அதை மதிக்கிறேன். அடுத்த மாதமே கூகுள், சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை முன்னிற்க, ஆண்ட்ராய்டு ஒன் போன்களை 6,399 ரூபாயிலிருந்து களமிறக்கியது. 2015 ஜனவரியில் சாம்சங், டைசன் தளத்தில் இசட்1 போனை 5,700 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. 2015 டிசம்பரில் மோசில்லா கைப்பேசித் தொழிலைக் கைவிட்டது. டைசன் போன்களும் சில ஆண்டுகளில் நின்றன.

ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸின் நிரல் மட்டும் சாகவில்லை. அதிலிருந்து கிளைத்த கைஓஎஸ், 2017இல் ஜியோபோனில் ஏறி நாடெங்கும் பரவியது. 2021இல் 10 கோடிப் பயனர்கள் என்று ஜியோ தெரிவித்தது. ஆனால் அந்தப் போனிலும் வாட்ஸ்அப் வருவதற்கு 2018 செப்டம்பர் வரை, ஏறக்குறைய ஓராண்டு, காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியாவின் மிகப் பெரிய தொழில் குழுமம் ஒன்று பின்னால் நின்ற தளத்துக்கே இந்த நிலை.

பாரோஸுக்கு வருவோம். ஐஐடியின் பிரவர்தக் தொழில்நுட்ப அறக்கட்டளையில் வளர்த்தெடுக்கப்பட்ட ஜேஅண்ட்கே ஆபரேஷன்ஸ் நிறுவனம் இதை உருவாக்கியது. ஆண்ட்ராய்டின் திறந்த மூல நிரலே இதற்கும் அடித்தளம். முன்கூட்டியே ஏற்றிய செயலிகள் எதுவும் இல்லை. எந்தச் செயலிக்கு எந்த அனுமதி என்பதைப் பயனரே முடிவு செய்யலாம். ஒவ்வோர் அமைப்பும் தான் சோதித்து ஒப்புக்கொண்ட செயலிகளை மட்டும் வைத்துக்கொள்ளும் தனிக்கடை உண்டு. இரகசியம் காக்க வேண்டிய அமைப்புகளையே முதலில் நாடினார்கள். அது தெளிவான முடிவு. பொதுச் சந்தையில் ஒரே நாளில் ஆண்ட்ராய்டை வீழ்த்தப் போவதாகச் செய்திகள் எழுதிய ஆரவாரம் இந்தத் திட்டத்துக்கு நன்மை செய்யவில்லை. வேறொருவரின் நிரலில் கட்டியதால் இது சொந்தத் தளமே அல்ல என்ற கேலியும் நியாயமற்றது. திறந்த நிரல் இருப்பதே எடுத்துக் கட்டத்தான்.

இனி, சாதாரணப் பயனரின் இடத்திலிருந்து பார்க்கலாம். நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில் இருக்கிறது ஜேடர்பாளையம். சுற்றுவட்டாரத்தில் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுபவர்கள் பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தைக்குச் சரக்கு அனுப்புகிறார்கள். மாவட்டமெங்கும் லாரித் தொழிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலும் உண்டு. ஒரு லாரிக்காரருக்கு வங்கிச் செயலி, யுபிஐ, ஃபாஸ்டேக், வரைபடம் இல்லாமல் பொழுது ஓடாது. பல வங்கிச் செயலிகள் திறக்கும்போதே, இந்தக் கருவி கூகுள் சான்று பெற்றதா என்று கூகுளின் சோதனைச் சேவையிடம் கேட்கின்றன. இல்லை என்று பதில் வந்தால் செயலி திறக்காது. இயங்குதளம் எவ்வளவு பாதுகாப்பாக இருந்தாலும் அவருக்கு அந்தப் போன் பயன்படாது. புதிய தளங்களை இன்று முடக்கும் பூட்டு இதுதான் என்பது என் கணிப்பு.

சட்டம் இந்தப் பூட்டைத் தொட முயன்றது. 2022 அக்டோபர் 20 உத்தரவில் போட்டி ஆணையம், மாற்று ஆண்ட்ராய்டு விற்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களைக் கட்டுப்படுத்தியதைத் தவறு என்றது. 2023 ஜனவரி 25 அன்று கூகுள், தன் செயலிகளுக்குத் தயாரிப்பாளர்கள் தனித்தனியாக உரிமம் பெறலாம், தேடுபொறியைப் பயனர் தேர்ந்தெடுக்கலாம் என்று இந்தியாவுக்கான மாற்றங்களை அறிவித்தது. ஆனால் 2023 மார்ச் 29 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்துவிட்டு, ஆணையத்தின் நான்கு உத்தரவுகளை நீக்கியது. பிளே ஸ்டோரிலேயே பிற செயலிக் கடைகளுக்கு இடம் தர வேண்டும் என்பதும், பிளே சர்வீசஸ் இடைமுகங்களை மறுக்கக் கூடாது என்பதும் அவற்றில் அடங்கும். பாரோஸ் போன்ற தளங்களுக்கு அபராதத் தொகையைவிடப் பல மடங்கு மதிப்புள்ளவை இந்த இரண்டும்.

எஞ்சியிருக்கும் வழி அரசின் கையில் இருக்கிறது. கருவியின் நம்பகத்தன்மையைக் கூகுளைக் கேட்காமல் வன்பொருள் சான்றின் வழியாகவே சரிபார்க்கும் வசதி ஆண்ட்ராய்டின் திறந்த நிரலில் உள்ளது. அரசுச் செயலிகளுக்கென்று மொபைல் சேவா என்ற கடையும் நம்மிடம் உண்டு. யுபிஐ, வங்கிச் செயலிகள் அனைத்தும் அந்த வன்பொருள் சான்றை ஏற்க வேண்டும் என்றும், பிளே ஸ்டோருக்கு வெளியேயும் கிடைக்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கியும் தேசியப் பணப்பரிமாற்றக் கழகமும் விதி வகுக்க வேண்டும். அடுத்த தளத்தை அறிவிக்கும் விழாவுக்கு முன்பே அந்த விதி வந்தாக வேண்டும்.