இடுப்புத் தழும்பும் காங்கிரித் தணலும்

பாவாடை நாடாவை இறுகக் கட்டுவதால் இடுப்பைச் சுற்றி விழும் கருத்த கோட்டை நம் வீட்டுப் பெண்கள் ஒரு பொருட்டாகவே கருதுவதில்லை. போலகத்தின் புழுக்கத்தில் அவ்விடம் வியர்த்து, அரித்து, சில வேளை புண்ணாகவும் ஆகும். தேங்காய் எண்ணெய் தடவுவதோடு சரி. இத்தகைய தழும்பு மிக அரிதாகப் புற்றாக மாறக்கூடும் என்பதைக் கண்டறிந்த ஆய்வுகள் நம் நாட்டிலேயே நடந்தவை. அவற்றின் தொடக்கத்தைத் தேடினால், நம் சகோதரர்கள் பெருவாரியாக வாழும் காஷ்மீருக்குச் செல்ல வேண்டும்.

காஷ்மீர் மக்கள் குளிர்காலத்தில் ஃபிரன் என்னும் நீண்ட அங்கிக்குள் காங்கிரியை வைத்துக்கொள்வர். மிலாறுகளால் பின்னிய கூடைக்குள் ஒரு மண்சட்டி, அதில் கரித்தணல். வயிற்றையோ தொடையையோ ஒட்டியே அது மணிக்கணக்கில் இருக்கும். 1865இல் அங்கு மருத்துவப் பணி தொடங்கிய ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் எல்ம்ஸ்லி, மறு ஆண்டே இம்மக்களின் தோல் புற்றைப் பற்றி எழுதினார். 1886இல் ஸ்ரீநகர் வந்த அறுவை மருத்துவர் எர்னஸ்ட் நீவ், பல்லாண்டுகள் அங்கேயே தங்கி இத்தகைய புற்றுகளை நூற்றுக்கணக்கில் அகற்றினார். 1923இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் எழுதிய கட்டுரை இன்றும் ஆய்வாளர்களால் எடுத்துக்காட்டப்படுகிறது. இவர்கள் கிறித்தவ மிஷன் மருத்துவர்கள். அவர்களின் சமய நோக்கத்தில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் நம் மக்களுக்காக அவர்கள் உழைத்த உழைப்பை மறைப்பது நியாயமன்று.

அவர்கள் கவனித்தது நோய் வந்த இடத்தை. வெள்ளையர்க்குத் தோல் புற்று பெரும்பாலும் முகத்திலும் கையிலும், அதாவது வெயில் படும் இடங்களில் வரும். காஷ்மீரிகளுக்கோ வெயிலே காணாத வயிற்றிலும் தொடையிலும் வந்தது. தணல் படும் இடத்தில் முதலில் வலை பின்னியது போன்ற கருமை படரும். பிறகு தோல் தடித்து வறளும். பல்லாண்டுகள் கழித்து ஆறாத புண் தோன்றும். அரையாப்பில் நெறி கட்டிய பின் வருவோர்க்கு அறுவையாலும் முழுப் பயன் கிட்டுவதில்லை.

பழக்கத்திலிருந்து புற்றின் காரணத்தைத் தேடும் இம்முறை புதிதன்று. இலண்டனில் புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களாய் வளர்ந்தவர்களின் விரைப்பைப் புற்றுக்குப் புகைக்கரியே காரணம் என்று பெர்சிவல் பாட் 1775லேயே எழுதியிருந்தார்.

மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941இல் திறக்கப்பட்டது. அங்கு பணியாற்றிய வசந்த் ராம்ஜி கானோல்கர் தோல் மருத்துவர் அல்லர், நோய்க்கூறு அறிஞர். தொழுநோய் ஆய்விலும் நெடுங்காலம் ஈடுபட்டவர். 1945இல் அவரும் சூர்யாபாயும் மக்களின் பழக்கங்களோடு தொடர்புடைய புற்றுகளைப் பற்றி எழுதினர். அவற்றுள் ஒன்று, வேட்டியை ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டுவதால் இடுப்பில் உண்டாவது. பின்னாளில் சேலை உடுத்தும் பெண்களிடமும் மருத்துவர்கள் அதைக் கண்டனர். கைலி கட்டும் நாமும் இதற்கு அயலார் அல்லர்.

நம் தோலின் கருமை வெயிலிலிருந்து காக்கும் அருள்தான். ஆனால் தீப்புண் தழும்பு, நாட்பட்ட புண், உள்ளங்கால் ஆகிய இடங்களுக்கு அக்காவல் போதாது. காலில் தோன்றும் கரும்புள்ளியை முள் குத்திய தடம் என்று விட்டுவிடுவோர் நம்மிடையே உண்டு.

நம்மிடம் ஓதும் பிள்ளைகளின் தாய்மார் சிலர் கேட்பதுண்டு: இடுப்பில் உள்ள புண்ணை மருத்துவரிடம் காட்டுவது ஹயாவுக்கு முரண் அல்லவா என்று. அவ்ரத்தைத் தேவையின்றித் திறப்பதே கூடாது. சிகிச்சை என்னும் தேவை வந்தால், தேவையான அளவுக்கு அனுமதி உண்டென்று ஃபிக்ஹு நூல்கள் தெளிவாகவே கூறுகின்றன. பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம் செல்வது சிறப்பு. கிடைக்காவிடில் மஹ்ரம் உடனிருக்க ஆண் மருத்துவரிடம் காட்டலாம். புண்ணின் ஓரம் மேடிட்டாலோ, தொட்டால் இரத்தம் கசிந்தாலோ, சில வாரங்களாகியும் ஆறாவிட்டாலோ காத்திருத்தல் தகாது. சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் விடை தெரிந்துவிடும். நாடாவுக்குப் பதிலாக அகலமான பட்டை வைத்துத் தைப்பதும், கட்டும் இடத்தை அவ்வப்போது மாற்றுவதும் வீட்டிலேயே செய்யக்கூடியவை.

காஷ்மீரில் காங்கிரி இன்றும் இருக்கிறது. அந்தக் குளிரில் அதை விடச் சொல்வது எளிதன்று.