அன்னா என்றால் அருள்



திருமுழுக்குக்குப் பதிவு செய்ய வரும் பெற்றோரிடம், "இந்தப் பெயருக்கு என்ன பொருள்?" என்று கேட்கிறோம். "எண் கணிதம் பார்த்து வைத்தோம், சாமி" என்பார்கள் சிலர். பொருளறிந்து சூட்டத்தக்க பழைய பெயர் ஒன்றைப் பற்றி இன்று சிந்திப்போம்: அன்னா.

எபிரேயத்தில் இது 'ஹன்னா'. அருள், தயவு என்பது பொருள். 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' எனப் பொருள்படும் யோவான் என்ற பெயரும் இதே வேரில் பிறந்ததே. பழைய ஏற்பாடு கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டபோது 'ஹன்னா' 'அன்னா' ஆயிற்று; நம் பாட்டிமாரிடம் 'அன்னம்மாள்' ஆயிற்று.

எபிரேய விவிலியத்தில் இப்பெயரைத் தாங்கியவர் ஒருவரே; எல்கானாவின் மனைவி. பெயர் அருள், மடியிலோ குழந்தை இல்லை. பெனின்னா ஆண்டுதோறும் அவரைக் குத்திக்காட்டினார். சீலோவில் உதடுகள் மட்டும் அசைய அவர் அழுது மன்றாடியபோது, குரு ஏலியே அவர் குடித்திருப்பதாக எண்ணிக் கடிந்துகொண்டார். ஆனால் சாமுவேலைக் கருவுறும் முன்பே, செபித்து எழுந்த அன்றே, அவர் முகத்தில் வாட்டம் நீங்கிவிட்டது. குழந்தை பிறந்ததால் அவர் அருள்பெற்றவர் ஆகவில்லை. மடி வெறுமையாய் இருந்தபோதும் கடவுள் முன் அவர் 'அருள்'தான்.

ஆலயத்தில் குழந்தை இயேசுவைக் கண்டு கடவுளைப் புகழ்ந்த 84 வயது இறைவாக்கினரும் அன்னாவே. ஏழு ஆண்டு இல்லற வாழ்வுக்குப் பின் கைம்பெண் ஆனவர். பிள்ளைகள் உண்டா என்று லூக்கா சொல்லவில்லை. ஜூலை 26-இல் நாம் விழா எடுக்கும் மரியாவின் தாய் அன்னம்மாளின் பெயர் விவிலியத்தில் இல்லை; இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'யாக்கோபு நற்செய்தி' என்ற பழைய நூல் வழியே வந்தது. அந்நூலிலும் அவர் நெடுங்காலம் பிள்ளைக்காக ஏங்கியவரே.

இவ்வளவு அறிந்தும் நாம் என்ன செய்கிறோம்? வளைகாப்பிலும் பெயர்சூட்டு விழாவிலும் குழந்தையில்லாத சகோதரியைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்கிறோம். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு அன்னா எனப் பெயரிட்டு, வாசலில் நிற்கும் அன்னாவை மறந்துவிடுகிறோம்.

அடுத்த முறை நம் வீட்டில் பெயர் சூட்டும்போது, அந்தச் சகோதரியின் கைகளில் முதலில் குழந்தையைக் கொடுப்போம். பெயரின் பொருள் அங்கே நிறைவேறும். இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.