இருவர்க்கு மட்டும் இடமுள்ள வண்டி: கொழும்பில் ஒரு விவாதத்தின் வரலாறு

இலங்கைக்கு முதல் மோட்டார் வண்டி 1902ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1904இல், மோட்டார் வண்டி உடையோரின் சங்கமொன்று இங்கு தோற்றம் பெற்றது. தேயிலைத் தோட்டத் துரைமாரதும் கொழும்புப் பெருவணிகரதும் உடைமையாகத் தொடங்கிய அவ்வண்டி, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வைத்தியர், வழக்கறிஞர், அரசாங்க சேவையின் மேல்நிலை உத்தியோகத்தர் ஆகியோரின் முற்றங்களிலும் இடம்பெறலாயிற்று. இவ்வரலாற்றின் சிறு கிளையொன்று ஆய்வாளரின் கவனத்தைப் பெரிதும் பெற்றதில்லை. குடும்பத்தை ஏற்றிச் செல்ல உதவாததும், இருவர் மட்டுமே அமரக்கூடியதும், ஆயினும் செல்வர் அல்லாதாரும் ஆசைப்படத்தக்க விலையுடையதுமான ஸ்போட்ஸ் கார் பற்றிய வரலாறே அது.

இவ்வண்டியின் நன்மை தீமை குறித்து ஆர்வலரிடையே நிகழ்ந்த விவாதம் மேலோட்டமாக நோக்குமிடத்து வேகம், பிடிமானம், அழகு என்பன பற்றியதாகவே தோன்றும். ஆனால், கொழும்பில் அவ்விவாதத்தின் முடிவை நிர்ணயித்தவை இவை அல்ல. அந்நியச் செலாவணியும் கடற்காற்றும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளும், இறுதியில் இனக்கலவரமுமே அதனை நிர்ணயித்தன.

விவாதத்தின் வேரைக் காண இங்கிலாந்துக்குச் செல்லவேண்டும். மலிவான ஸ்போட்ஸ் கார் என்பது பொறியியலாளரின் புதுப்படைப்பு அன்று. கணக்காளரும் ஒப்பக்கூடிய ஒரு யுக்தி. செசில் கிம்பர் என்பார் 1929இல் சந்தைக்குக் கொணர்ந்த முதலாவது எம்.ஜி. மிட்ஜெற், மொறிஸ் மைனர் என்னும் எளிய குடும்ப வண்டியின் அடிச்சட்டத்தையும் 847 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தையும் எடுத்து, அவற்றின் மேல் இலேசான இருவர் உடலொன்றைப் பொருத்தியதே ஆகும். விலை 175 பவுண். ஏழைகளின் வண்டி என்று அதனைக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் பந்தய வண்டி பிரபுக்களுக்கே உரியது என்ற எண்ணம் அதனோடு தகர்ந்தது எனலாம். போரின் பின்னர் இதே யுக்தி தழைத்தது. ஏற்றுமதியின்றி உருக்குப் பங்கீடு இல்லை என்ற நிலையில் பிரித்தானியத் தொழிற்சாலைகள் இத்தகைய வண்டிகளை உலகெங்கும் அனுப்பின. 1953இல் வந்த றயம்ப் ரீ.ஆர்.2 வண்டியே அடுத்த ஆண்டு மக்காவோவில் நிகழ்ந்த முதலாவது கிராண்ட் பிறிக்ஸ் போட்டியில் வெற்றி பெற்றது. ஆசியத் துறைமுக நகரொன்றின் வீதிகளில் விலை மிகாத வண்டியொன்று பெற்ற அவ்வெற்றி, கொழும்பு போன்ற நகரங்களின் ஆர்வலர்க்கு ஊக்கமளிக்கத்தக்கதே.

1958இல் வெளிவந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் இவ்வரிசையில் தனிக் கவனத்துக்குரியது. அதன் 948 கன சென்ரிமீற்றர் இயந்திரம் ஒஸ்ரின் ஏ35, மொறிஸ் மைனர் 1000 ஆகிய குடும்ப வண்டிகளில் இருந்த இயந்திரத்தின் சற்றே வலுவூட்டப்பட்ட வடிவம். இங்கிலாந்தில் வரியுட்பட அதன் விலை ஏறத்தாழ 669 பவுண். இவ்விலையை எட்டுவதற்காகக் கதவுகளின் வெளிக்கைப்பிடிகள் கைவிடப்பட்டன. பின்புறப் பெட்டிக்கு மூடியும் இல்லை. பயணப் பொதியை இருக்கைகளுக்குப் பின்னாலிருந்தே உள்ளே தள்ளவேண்டும். முன்மூடியின் மேல் தவளைக் கண்கள் போலத் துருத்தி நின்ற விளக்குகள் அதற்கு ஒரு பட்டப்பெயரையே தேடிக் கொடுத்தன. 1961இல் இதன் உடன்பிறப்பாக எம்.ஜி. மிட்ஜெற் என்ற பெயர் மீண்டும் வந்தது. 1962இல் றயம்ப் நிறுவனம் தனது ஹெரால்ட் குடும்ப வண்டியின் உறுப்புகளைக் கொண்டு, 1147 கன சென்ரிமீற்றர் இயந்திரத்துடன் ஸ்பிற்பயர் வண்டியை உருவாக்கியது.

இவ்வண்டிகளைப் பழித்தோரின் முதல் வாதம் எளிதில் ஊகிக்கத்தக்கது. வேடம் மட்டுமே ஸ்போட்ஸ் காருடையது. உள்ளிருப்பதோ வாடகை வண்டியின் இயந்திரம் என்றனர். இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. 43 குதிரைவலு கொண்ட ஸ்பிறைற், நேரான வீதியில் பெரிய வண்டி எதனையும் முந்தக்கூடியதன்று. ஆதரித்தோரோ வேகத்தை முள் காட்டும் எண்ணால் அளத்தல் தவறு என்றனர். நிலத்தை ஒட்டி அமர்ந்து, சுக்கானின் ஒவ்வோர் அசைவுக்கும் வண்டி இணங்குவதை உணர்ந்து, மணிக்கு 40 மைல் வேகத்தில் ஒருவன் பெறும் இன்பம், பெரிய வண்டியில் 80 மைல் வேகத்திலும் கிட்டாது என்பது அவர்தம் வாதம். இலங்கையின் வளைந்த வீதிகளைக் கருதின் இரண்டாவது வாதமே வலிமை மிக்கதாகத் தோன்றுகின்றது.

இதனைச் சோதிக்கும் களங்களும் இங்கு இருந்தன. நுவரெலியாவின் ஏப்ரல் மாதக் கேளிக்கைக் காலத்தோடு இணைந்த மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. தேயிலைச் செடிகளுக்கிடையே கொண்டையூசி வளைவுகளோடு ஏறும் அப்பாதையில் வலுவைக் காட்டிலும் இலேசான உடலே பயனளிக்கும். (அத்தோட்டப் பாதைகளை வெட்டிய தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்களுள் மிகப் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டனர் என்பதையும் இப்போட்டிகளின் வரலாற்றை எழுதுவோர் மறத்தலாகாது.) போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் வான்தளமாக விளங்கிய களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தையும், கொழும்பின் தெற்கே இரத்மலானை விமானத்தளமும் ஓட்டப் போட்டிகளுக்குப் பயன்பட்டன. சென்னைக்கு அண்மையில் சோழவரத்தின் போர்க்கால ஓடுபாதை பந்தயத்தளமானதும் இதே முறையிலேதான். பேரரசின் போர்த் தளங்கள் விளையாட்டுக் களங்களாயின.

களத்திலேதான் இரட்டையிருக்கை வண்டியின் பெரும் பகைவன் தோன்றியது. அது வேறொரு ஸ்போட்ஸ் கார் அன்று. 1959இல் வெளிவந்த மினி நால்வர் அமரக்கூடியது. ஸ்பிறைற் வண்டியின் இயந்திரக் குடும்பத்தையே தானும் கொண்டது. முன்சக்கரங்களால் இழுக்கப்பட்டு வளைவுகளில் ஒட்டிக்கொண்டு சென்றது. 1961இல் மினி கூப்பர் வந்தபின் இருவர் வண்டியை ஆதரித்தோரின் வேக வாதம் பெரும்பாலும் உதிர்ந்தது. ஸ்பிற்பயரின் பின்சக்கர அமைப்போ மற்றுமொரு குறையைக் காட்டியது: வளைவின் நடுவே ஓட்டுநர் அஞ்சிக் காலை எடுத்துவிடின் பின்சக்கரம் உட்புறம் மடிந்து வண்டி சுழலக்கூடும். 1970இலேயே இது திருந்தியது.

போட்டிக் களத்தை விட்டு நாளாந்த வாழ்வுக்கு வருவோமாயின் விவாதம் வேறு வடிவம் கொள்கின்றது. வெள்ளவத்தையின் ஒழுங்கைகள் காலி வீதியிலிருந்து மேற்கே இறங்கிப் புகையிரதப் பாதையோடு கடலைத் தொடுகின்றன. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் உப்பு நீர்த்துளி முற்றங்கள்வரை வந்து படியும். ஸ்பிறைற், மிட்ஜெற் ஆகியவற்றில் தனியான அடிச்சட்டம் கிடையாது. தகட்டு உடலே சட்டமுமாகும். கூரையற்ற இவ்வுடலின் வலிமை முழுவதும் கதவுகளுக்குக் கீழுள்ள பெட்டித் தகடுகளில் தங்கியுள்ளது. அவை உள்ளிருந்து துருப்பிடிப்பன. வெளியே வர்ணம் பளபளத்துக் கொண்டிருக்கையிலேயே பின்வில் பொருந்தும் இடம் உக்கிவிடும். ஸ்பிற்பயருக்குத் தனிச் சட்டம் உண்டாதலால் உடற்தகடு ஓரளவு உக்கினாலும் வண்டி நிற்கும். ஆகவே, களத்தில் தாழ்ந்த ஸ்பிற்பயர் கடலோரத்தில் உயர்ந்தது. இங்கிலாந்து ஆர்வலர்க்கு இரண்டாம் தரமான இவ்வேறுபாடு வெள்ளவத்தையில் முதன்மை பெறவேண்டியதாயிற்று.

கொட்டாஞ்சேனையின் இயல்பு வேறு. துறைமுகத்துக்கும் செட்டியார் தெருவுக்கும் அண்மையில், ஜம்பட்டா வீதி போன்ற நெருக்கமான தெருக்களில், சுமை லொறிகளின் சக்கர உயரத்துக்கு அமர்ந்து செல்வது இன்பமன்று. லொறிச் சாரதியின் கண்ணுக்கு வண்டியே தெரியாது. மழை வந்தாலோ துணிக் கூரையைக் கையால் விரித்துச் சட்டத்தில் மாட்டவேண்டும். மாட்டி முடியுமுன் கொழும்பு மழை தன் கடமையை முடித்துவிடும். இவற்றுக்கெல்லாம் மேலாக, பெற்றோரும் பிள்ளைகளும் சகோதரரும் ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தில் இரண்டு இருக்கை எவ்விருவருக்கு என்ற வினா எழாதிருக்க முடியாது. தமிழ் வீடுகளில் இவ்வண்டி பற்றிய எதிர்ப்பில் ஒழுக்க அச்சமும் கலந்திருந்ததெனின் வியப்பில்லை. அதனை வெறும் பழமைவாதம் என ஒதுக்குதல் தகாது. ஒரு வீட்டின் சேமிப்பு ஒரே வண்டியில் அடங்கும் நிலையில், அது இருவரை மட்டுமே ஏற்றும் என்பது உண்மையிலேயே பாரதூரமான குறை.

இவ்விடத்தில் இலக்கத் தகடு பற்றியும் குறிப்பிடவேண்டும். 1956 முடியும்வரை இலங்கை வண்டிகள் சிலோன் என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களுள் இரண்டைத் தாங்கின. 1957 தொடக்கம் புதிதாகப் பதியப்பட்டவற்றுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து விதிக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்துப் போராடியது; 1958இன் தொடக்கத்தில் அரசுடைமையான பேருந்துகள் அவ்வெழுத்தோடு வடக்கே அனுப்பப்பட்டபோது போராட்டம் உச்சம் பெற்றது; அவ்வாண்டிலேயே இனக்கலவரமும் மூண்டது. எனவே பழைய எம்.ஜி. ரீ.சி., ரீ.டி. வண்டிகளும் ரீ.ஆர்.2 வண்டியும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தோடும், ஸ்பிறைற் முதல் வந்தவை சிங்கள எழுத்தோடும் ஓடின. தகட்டைப் பார்த்தே ஒரு வண்டி எந்த இலங்கைக்கு வந்து இறங்கியது என்பதைச் சொல்லிவிடலாம்.

அடுத்து வந்தது பொருளாதார நெருக்கடி. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணிக் கையிருப்புக் குன்றியமையால் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. தனியார் மோட்டார் வண்டிகளின் வருகை பெரும்பாலும் நின்றது. 1968 மே மாதம் அறிமுகமான அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ்த் திட்டத்தின்படி, அத்தியாவசியமல்லாப் பொருள்களைத் தருவிப்போர் உத்தியோகபூர்வ விலைக்கு மேல் 44 வீதம் செலுத்தவேண்டியதாயிற்று. பின்னர் அது 65 வீதமாக உயர்ந்தது. 1973இல் எழுந்த எண்ணெய் நெருக்கடி எஞ்சியதையும் இறுக்கிற்று. வண்டி ஒன்று இறந்துவிடின் அதற்குப் பதில் வேறொன்று வராது என்ற நிலை உருவானது.

இந்நிலையிலேதான் பழிப்போரின் முதல் வாதம் தலைகீழாகத் திரும்பியது. 'வாடகை வண்டியின் இயந்திரம்' என்பது வசையாக இருந்தது போய் வரமாயிற்று. மொறிஸ் மைனர் கொழும்பின் வாடகை வண்டியாகப் பல தசாப்தங்கள் உழைத்தது. அதன் உறுப்புகளைப் பழுதுபார்க்கவும், வார்த்தெடுக்கவும், கடைந்து ஒப்பேற்றவும் தெரிந்த கைவினைஞர் மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தையில் நிறைந்திருந்தனர். 948 கன சென்ரிமீற்றர் இயந்திரத்துக்கு வால்வோ பிஸ்ரன் வளையமோ வேண்டுமென்று கேட்பவர், வண்டி ஸ்பிறைற்றா மைனரா என்று சொல்லவேண்டியதில்லை. கலப்பற்ற பந்தய இயந்திரம் கொண்ட உயர்விலை வண்டிகள் ஓர் உறுப்பு முறிந்தமையால் கொட்டகைகளில் உறங்க, வேடதாரி என்று இகழப்பட்டவை ஓடின. ஸ்பிற்பயருக்கு இவ்வாய்ப்பு அத்துணை இல்லை. ஹெரால்ட் உறுப்புகள் மைனர் உறுப்புகளைப் போல மலிந்து கிடக்கவில்லை. கடற்காற்றில் வென்ற வண்டி கடைத்தெருவில் தோற்றது. மைனர் வண்டிக் கைத்திறனின் வலிமை பின்னாளிலும் புலப்பட்டது: 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள மைனர் நிலையமொன்றின் கூட்டுறவோடு, அவ்வண்டிக்கான உடற்தகடுகள் இலங்கையிலேயே செய்யப்பட்டன.

1977 நவம்பரில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு இறக்குமதித் தடைகள் தளர்ந்தன. ஆனால், கதவு திறந்த பொழுதில் வாயிலில் நின்றவை யப்பானியக் குடும்ப வண்டிகளே. எம்.ஜி. வண்டிகளின் ஆபிங்டன் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் ஸ்பிற்பயர் உற்பத்தியும் நின்றது. மலிவான இருவர் வண்டி என்ற கருத்தை யப்பானின் மஸ்டா நிறுவனம் 1989இல் எம்.எக்ஸ்.-5 வாயிலாக மீட்டபோது, வண்டி நன்றா தீதா என்பதைக் காட்டிலும் சுங்க வரி எவ்வளவு என்பதே கொழும்பின் பேச்சாயிற்று. 2020 மார்ச்சில், அந்நியச் செலாவணியைக் காரணங்காட்டி, தனியார் வண்டி இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேயே அத்தடை நீங்கியது.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழரைப் பொறுத்தமட்டில் பழைய விவாதம் அதற்கு வெகு முன்பே அறுபட்டது. 1983 யூலை 24ஆம் திகதி இரவு பொறளையில் தொடங்கிய வன்முறை மறுநாள் நகரெங்கும் பரவியது. வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. காலி வீதியில் வண்டிகள் மறிக்கப்பட்டு, அவற்றின் தாங்கிகளிலிருந்து எடுத்த பெற்றோலாலேயே தீ மூட்டப்பட்டது. மூடிய கூரையுள்ள வண்டியில் ஐவர் அறுவர் நெருங்கியமர்ந்து தப்பிச் சென்ற அந்நாட்களில் இரண்டு இருக்கை பற்றிய பழைய எதிர்வாதத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாயிற்று. பின்னர் பலர் கப்பல் மூலம் காங்கேசன்துறைக்கும், வேறு பலர் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்தனர். விடப்பட்ட வண்டிகள் வந்த விலைக்குக் கைமாறின. முன்னர் எம்.ஜி. வண்டிகள் ஓடிய இரத்மலானை விமானத்தளத்தின் கொட்டகைகளில் அவ்வாடி மாதத்தில் ஆயிரக்கணக்கான தமிழர் தங்கியிருந்தனர்.